ஓட்டுக் கூரைக்கு ஒரு பால் பல்

"பல்லைக் குடுங்கங்கிறேன்…"

"குடுக்க முடியாதுங்கிறேன்…"

"எங்க பிள்ளை பல்லுங்க அது!"

"எங்க ரூலுங்க இது! வாயிலேருந்து வந்தது எதுவா இருந்தாலும் மஞ்சப் பைக்குத்தான் போகணும்."

"என்னமோ கிட்னியை எடுத்த மாதிரில்ல பேசுறீங்க…"

"கிட்னியா இருந்தாலும் அதே மஞ்சப் பைதான்!"

துணை சுகாதார நிலையத்து வாசலில் இரண்டு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. படியின் மேலே நர்ஸ் அற்புதமேரி, கையில் டார்ச்சோடு. படியின் கீழே கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஒருவன். இருவருக்கும் நடுவில், கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாத வாயைத் திறந்து, கழுத்தில் மாதா பதக்கம் ஆட, ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தாள் ஆறு வயது பாத்திமா.

நடந்தது இதுதான். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து வாய் பார்த்தாள் அற்புதம். பாத்திமாவின் ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைத் தொட்டாளோ இல்லையோ… கையோடு வந்துவிட்டது. பஞ்சில் சுற்றி, கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டாள். ஆஸ்பத்திரி வழக்கம் அது.

ஊர் வழக்கம் வேறு. விழுந்த பால் பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்து ஓட்டுக் கூரை மேல் எறிய வேண்டும். அப்போதுதான் புதுப் பல் முளைக்கும். விராலிமலைக்குக் கிழக்கே இருக்கும் இந்தச் செம்பாறைப்பட்டியில் வீடுகள் எல்லாம் மாடியாகிவிட்டன. மிச்சமிருந்த ஒரே ஓட்டுக் கூரை, சுகாதார நிலையத்துக் கூரைதான். சின்ன வயதில் ஆவூரில் அற்புதமும் எறிந்தவள்தான். யூனிஃபார்ம் போட்ட பிறகு மறந்துபோனது. மாற்றலாகி வந்த இந்த ஒரு மாதத்தில் தலைக்கு மேலே அடிக்கடி 'தொப்'பென்று விழுந்தது மயில் இல்லை, பல் உருண்டை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மாமா… எனக்கு இனிமே பல்லே மொளைக்காதாம்… எங்க கிளாஸ் வெற்றிசெல்வன் சொல்றான்…" பாத்திமா விக்கினாள்.

"கேட்டீங்களா? இதுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

ஆளைப் பார்த்தாள் அற்புதம். முப்பது வயதிருக்கும். வாயைத் திறக்காமலே பேசுகிற வித்தையை எங்கே படித்தானோ… அடர்ந்த மீசைக்கு அடியிலிருந்து வார்த்தைகள் மட்டும் வந்தன. உம்மணாமூஞ்சி!

"பதிலா? வாங்க இங்கிட்டு. போன பல்லுக்குச் சண்டைக்கு வந்தீங்களே… இருக்குற பல்லைப் பாத்திருக்கீங்களா? பாப்பா, ஆ காட்டு. நான் சொல்ற வரைக்கும் வாயை மூடக் கூடாது."

டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. அவன் குனிந்து பார்த்தான். மேல்வரிசை முன்பற்களின் ஓரமெல்லாம் கறுப்பு. கடைவாயில் இரண்டு குழி.

"ராத்திரி தூங்கையில பால் பாட்டில் குடுத்துப் பழக்கினது யாரு? அதுவும் சீனி போட்டு?"

அவன் மீசையைத் தடவினான்.

"ஒங்களைத்தாங்க…"

"நான்தான்." குரல் இறங்கிவிட்டது. "அக்காவுக்குக் கம்பெனியில நைட் ஷிப்ட்டு. அத்தான் கத்தார்ல. பாட்டில வாயில வச்சாத்தான் அழுகைய நிறுத்தும். நாலு வயசு வரைக்கும் குடுத்தேன்… பால் பல்லுதானே, விழுந்து மொளைச்சிரும்னு…"

சண்டைக்கு இடுப்பில் செருகிய கையை மெல்ல எடுத்துவிட்டாள் அற்புதம்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. இந்தக் கடவாப் பல்லு இருக்கே, இது பத்துப் பதினொரு வயசு வரைக்கும் இருக்கணுங்க. அடியில வர்ற பல்லுக்கு எடம் புடிச்சு வச்சிருக்கு… பஸ்சுல துண்டு போடுற மாதிரி. துண்டு பறந்துருச்சுன்னா வர்றது எங்கிட்டு உக்காரும்? ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்கும். அதுக்குப் பின்னாடி புதுசா ஒண்ணு எட்டிப் பாக்குது பாருங்க… அது பால் பல்லு இல்ல. அது கடைசி வரைக்கும் கூட வர்றது."

கடைசி வரைக்கும்…

அவன் நிமிர்ந்தான். டார்ச்சைப் பிடித்திருந்தவளின் கண்கள் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. சண்டை போட்ட கண்களா இவை? மழைக்கு முந்தின மேகம் மாதிரி… இருட்டும் குளிர்ச்சியுமாய்… அவள்தான் முதலில் டார்ச்சை அணைத்தாள்.

"இருங்க வாரேன்."

உள்ளே போனவள் கையுறை மாட்டினாள். காலையில் புதிதாகப் போட்ட பை; உள்ளே அந்தப் பிள்ளையின் பஞ்சைத் தவிர எதுவும் இல்லை. இடுக்கியால் எடுத்து, மருந்தில் கழுவி, காகிதத்தில் மடித்துப் பாத்திமாவின் கையில் வைத்தாள்.

"நர்சக்கா!" அழுகை அப்படியே சிரிப்பாகிவிட்டது.

சாணிக்கா பஞ்சம்? கீழ்ப்பல் போன ஓட்டை தெரியச் சிரிக்கிற மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, உருண்டையைக் குறிபார்த்து எறிந்தான் மாமன். அது ஓட்டு விளிம்பில் பட்டு, திரும்பி வந்து… அற்புதத்தின் ஸ்கூட்டி சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அற்புதமும் சிரித்துவிட்டாள். அவன் மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு, "மன்னிச்சிருங்க… தொடைச்சுத் தர்றேன்…" என்றான்.

'ஒரு சிரிப்புச் சிரிச்சா என்ன கொறைஞ்சா போயிருவாரு?' என்று நினைத்தாள் அவள். இரண்டாவது எறிக்குப் பல் கூரையேறியது.

அன்று ராத்திரி அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வாய் பார்க்கக் கூப்பிட்டால் ஓடி ஒளிகிற பிள்ளைகள், கூரைக்கு மட்டும் தானாக வருகிறார்களே! மறுநாள் வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'கூரைக்குப் பல் போட வருகிறவர்கள் முதலில் வாயைக் காட்ட வேண்டும்.'

அவ்வளவுதான். வியாழக்கிழமை தோறும் கூட்டம். பல் ஆடுகிறவர்கள் வந்தார்கள். ஆடாதவர்கள் ஆட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வாயாகப் பார்த்து, சொத்தை உள்ள பிள்ளைகளுக்கு விராலிமலை ஆஸ்பத்திரிப் பல் டாக்டரம்மாவைப் பார்க்கச் சீட்டு எழுதினாள். கடலை அளவு பேஸ்ட், காலை ஒரு தரம், படுக்கப் போகும் முன் ஒரு தரம் என்று தேய்க்கவும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். அங்கேதான் சிக்கல். வாய் கொப்பளிக்கக் குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் எரிந்து மூன்று மாதம்.

"எங்க மாமா மோட்டார்க்காரருதான் நர்சக்கா! ஊருல எல்லாரும் வைண்டிங்குன்னுதான் கூப்பிடுவாக. வரச் சொல்றேன்!" என்றாள் பாத்திமா.

வந்தான். எரிந்த கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி, அதுதான் வைண்டிங், மூன்று நாளில் எடுத்துவந்து, வாசலில் குத்துக்காலிட்டு மாட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஏதோ எடுக்க வெளியே வந்த அற்புதம், நின்றுவிட்டாள்.

"ஏங்க!"

"என்னங்க?"

"அது என்ன பல்லா, கட்டிங் பிளேயரா?"

பல்லிடுக்கில் வயரை வைத்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று உதட்டை மூடினான். "பழக்கங்க…"

"பேனா மூடியக் கடிக்காதீங்க, சோடா மூடியக் கடிக்காதீங்கன்னு இந்தப் பிள்ளைககிட்ட தொண்டை வத்தக் கத்துறேன்… இங்க ஒருத்தர் கரண்டு வயரையே கடிக்கிறாரு!"

"கரண்ட ஆப் பண்ணிட்டுத்தாங்க கடிச்சேன்…"

அவளால் அடக்க முடியவில்லை. சிரித்தாள்… கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னச் சிலுவையும் சேர்ந்து ஆடியது. அவன் கண்களும் சிரித்தன. உதடு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

"எங்க, வாயைக் காட்டுங்க பாப்போம்."

கை மீசைக்குப் போய்விட்டது. "அது மட்டும் முடியாதுங்க."

"பெரிய ரகசியம்!"

"ரகசியந்தான்னு வச்சுக்கங்களேன்."

சுவிட்சைப் போட்டான். குழாய் இருமியது, செருமியது… குபுகுபுவென்று தண்ணீர்! பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடிவர, அதே நேரத்தில் வானமும் திறந்துகொண்டது. மேலே தண்ணீர், கீழே தண்ணீர், நடுவில் இருபது பிரஷ்கள். நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவள் நின்றாள். மழைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்த்தான். பார்வையை எடுக்க அவனும் மறந்தான், அவளும் மறந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அற்புதம் விராலிமலைக் கடைத்தெருவுக்குப் போனாள். ஹார்டுவேர் கடையில் பேர் தெரியாமல் விழித்து, "அண்ணே, வயர் தோலை உரிக்கிற சாமான் ஒண்ணு வேணும்…" என்றாள்.

"கரண்டு வேலை பாக்குறீங்களாம்மா?"

"இல்லண்ணே… பல்லு வேலை."

கடைக்காரர் குழம்பிப்போனார். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வருகிற வழியெல்லாம் தானே சிரித்துக்கொண்டாள். வியாழக்கிழமை கொடுக்க வேண்டும்… என்ன சொல்லிக் கொடுப்பது? 'பிள்ளைக கெட்டுப் போகுதுல்ல, அதுக்காக' என்று சொல்லலாம்…

வியாழக்கிழமை வந்தது. பாத்திமாவின் கடைவாய்க் குழியை அடைக்க டாக்டரம்மாவுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். மேசைக்கு எதிரே அவன். மேசை இழுப்பறையில் அந்தச் சாமான்.

"கூட்டிட்டுப் போறவரு பேரு சொல்லுங்க. வைண்டிங்குன்னு எழுத முடியாதுல்ல?"

"லியோன்."

"அப்பா பேரு?"

"அமல்ராஜ். இப்ப இல்லைங்க அவரு."

பேனா நின்றுவிட்டது.

லியோன். தகப்பன் அமல்ராஜ். விராலிமலைப் பக்கம், சொந்தத் தொழில்…

ஆறு மாதத்துக்கு முன்னால், ஆவூரில் ஈஸ்டர் பாஸ்கா நாடகம் முடிந்த மறுவாரம், தரகு பேசுகிற ஜெபமாலை அக்கா கொண்டுவந்த ஜாதகமில்லாத ஜாதகம் அது. ஒரு தாள். ஒரு பேர். அற்புதத்தின் போட்டோவைக் கவரில் வைத்து வாங்கிப்போனாள். பத்து நாள் கழித்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நர்சுன்னதும் வேணாம்னுட்டானாம்டி… கவரப் பிரிச்சே பாக்கலையாம்."

பிரித்துக்கூடப் பார்க்கவில்லை… அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததை அற்புதம் இன்னும் மறக்கவில்லை. 'நர்சுன்னா அவ்வளவு எளப்பமா? ராத்திரி பகல் பாக்காம ஊரு ஊராப் போறவளுன்னா?' என்று எத்தனை நாள் தனக்குள்ளே கேட்டிருப்பாள்…

"என்னங்க… எழுதலையா?"

"எழுதிட்டேன் சார். இங்க கையெழுத்துப் போடுங்க."

"சாரா?"

"அடுத்தவங்க நிக்கிறாங்க சார். கொஞ்சம் நகருங்க."

இழுப்பறை திறக்கவேயில்லை.

அதன் பிறகு மூன்று வியாழக்கிழமை. அவன் வந்தான். "பல்லை அடைச்சாச்சுங்க" என்றான். "நல்லது சார்" என்றாள். "மோட்டார் நல்லா ஓடுதா?" என்றான். "ஓடுது சார்." ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே நின்றான். 'நிக்கட்டும்' என்றது அவள் ரோஷம். 'சளி புடிச்சிருமே' என்றது இன்னொன்று. அதன் வாயை அவள் அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தாள்.

"வல்லத்திராக்கோட்டையிலேருந்து ஒரு எடம்டி. வாத்தியாரு. இந்த ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வாராங்க. அவங்களுக்குப் புடிச்சிருந்தா அன்னைக்கே பேசி முடிச்சிரலாம்னு இருக்கேன். நீ ஏதாச்சும் சொல்லிராத…"

"நான் என்னம்மா சொல்லப் போறேன்? வரச் சொல்லு."

போனை வைத்த பிறகு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஓட்டின் மேல் மழை. அங்கேதான் எங்கோ ஒரு பால் பல் கிடக்கிறது…

லியோனின் வீட்டில் அன்று வேறு பேச்சு.

"என்னடா, பத்து நாளா சோத்தக் கொறிக்கிற?" அக்கா நான்சி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"நர்சம்மா பேசலையாக்கும்?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒன் மருமகதான்! 'மாமாவ நர்சக்கா சாருங்குதும்மா'ன்னு வந்து அழுவுறா. ஏண்டா, அந்தப் பொண்ணு எந்த ஊருன்னாச்சும் தெரியுமா?"

"கேட்டதில்ல."

"ஆவூரு! இன்னைக்கு நான் பாப்பாவக் கூட்டிட்டுப் போனப்பத்தான் பேச்சுவாக்குல சொல்லுச்சு. பேரு அற்புதமேரி. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு…" பீரோவைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து அவன் மடியில் போட்டாள். "இப்பயாச்சும் பிரிச்சுப் பாரு. ஜெபமாலை அக்கா திரும்ப வாங்காமப் போயிருச்சு."

பிரித்தான்.

மழைக்கு முந்தின மேகம் மாதிரிக் கண்கள்…

"அக்கா…"

"நொக்கா! அன்னைக்கு அம்மா கால்ல விழாத கொறையாக் கெஞ்சுச்சு. நர்சு வேணாம், நர்சு வேணாம்னு குதிச்ச. ஏன்னு ஒரு வார்த்த சொன்னியாடா நீ?"

சொல்ல முடியாத காரணம். வாய்க்குள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை மதியம். அற்புதம் ஊருக்குக் கிளம்ப, காயத்தைத் தைத்து மூடுவதுபோலப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல். சொட்டச் சொட்ட நனைந்து லியோன்.

"இன்னைக்கு லீவு சார். திங்கக்கெழமை வாங்க."

"திங்கக்கெழமை வரைக்கும் தாங்காதுங்க."

உள்ளே வந்தவன், பிள்ளைகள் உட்காரும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"என்ன வேணும் ஒங்களுக்கு?"

"வாயைக் காட்ட வந்தேன்."

அவள் ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினேழு வயசு. கடையில வேலை பழகுறேன். கெட்டியான வயர ஒண்ணப் பல்லால இழுத்தேன். முன்பல்லு பாதி ஒடைஞ்சுச்சு. போகப் போகக் கறுத்துப்போச்சு. கூட இருந்த பயலுக 'கரிப்பல்லு'ன்னு கூப்பிட்டானுக. அன்னையிலேருந்து நான் சிரிச்சதில்லைங்க. மீசைய வளத்தேன். கல்யாணப் போட்டோவுல நிக்க மாட்டேன். அம்மா ஒரு எடம் சொல்லுச்சு… நர்சுன்னுச்சு. நர்சுன்னா மொத வேலையா வாயத்தானே பாக்கும்னு… பயந்துட்டேன். பிரிச்சுப் பாத்துப் புடிச்சுப்போச்சுன்னா என்ன பண்றதுன்னுதான் கவரையே பிரிக்கல. எளப்பமில்லைங்க. பயம்."

ஓட்டின் மேல் மழை சடசடத்தது.

"நீங்க பயந்ததுக்கு…" அவள் குரல் உடைந்தது. "ஆறு மாசமா நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டு நின்னேன். எங்கம்மா அழுதுச்சு. தெரியுமா ஒங்களுக்கு?"

"அது நீங்கதான்னு நேத்துத்தான் தெரியும். அதுக்குத்தான் வந்தேன். மன்னிக்கணும்னு கேக்க வரல… மன்னிக்காட்டியும் கேட்டுக்கங்க. எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. கவரப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே… பல்லுக்குச் சண்டை போட்ட அன்னைக்கே புடிச்சுப்போச்சு. பாத்திமா பல்லக் காட்டி 'கடைசி வரைக்கும் கூட வர்றது'ன்னு சொன்னீங்கல்ல… அதுலேருந்து எனக்கு வேற எதுவும் காதுல ஏறல."

அவள் திரும்பி நின்றுகொண்டாள். இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. எதையோ எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னங்க இது… வயர் ஸ்ட்ரிப்பரா?"

"ஒரு மாசமா உள்ளயே கெடக்கு."

"எனக்கா? அப்படின்னா…"

"பேச்ச விடுங்க. ஆ காட்டுங்க."

"நீங்க ஒரு பதில்…"

"ஆ!"

மீசைக்கு அடியிலிருந்து கை இறங்கியது. பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு, வேறொருவர் பார்க்க, லியோன் வாயைத் திறந்தான். காது மடல் வரை சிவந்துபோனான்.

டார்ச் எரிந்தது. மேல்வரிசையில், பாதி ஒடிந்து, கறுத்து, ஒரே ஒரு பல். அற்புதம் உற்றுப் பார்த்தாள். இவ்வளவுதானா… இந்த ஒரு துணுக்குக்கா இத்தனை பூட்டு!

"வேர் செத்துப்போச்சு. ஆனா பல்லு உறுதியா நிக்குது. வேருக்கு வைத்தியம் பண்ணி, மேல தொப்பி மாதிரி ஒரு கேப் போட்டா வித்தியாசமே தெரியாது. டாக்டரம்மாவுக்குச் சீட்டு எழுதுறேன்…" நர்சின் குரல் அது. அடுத்து வந்த குரல் அவளுடையது. "அவசரமில்ல. எனக்கு இது இப்படியே இருந்தாலும் சரிதான்."

அவன் ஏதோ சொல்ல வந்தான்.

"மூடக் கூடாது! பிள்ளைகளுக்குச் சொல்றதுதான் ஒங்களுக்கும்… நான் சொல்ற வரைக்கும்."

மூடவில்லை. அந்த வாய்க்கு மேலே இரண்டு கண்களும் நிறைந்து, தளும்பிக்கொண்டிருந்தன. அவள் பல்லைப் பார்ப்பதுபோலவே, பல்லைப் பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க எங்க வீட்டுக்கு வல்லத்திராக்கோட்டையிலேருந்து பத்து மணிக்கு வாராங்க… நீங்க ஒங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு, எங்கம்மா போற ஆவூருக் கோயிலுக்கு, காலையில ஆறு மணிப் பூசைக்கே வந்துருவீங்களா?"